ஒரு ஃப்ராங்க் எடை

காலணியைக் கழற்றினால் போதும் என்றாள்.
பிறகு பெல்ட், கைக்கடிகாரம், சட்டைப்பையில் இருப்பதெல்லாம்.
டிப்போ சாவிக்கொத்து மேசையில் விழுந்தது.
அந்த அறையில் அதுவரை கேட்ட
பெரிய சத்தம் அதுதான்.

உடுத்திய துணி உடுத்தியபடி.
எண்ணெய் இல்லை. நெட்டி முறிப்பது இல்லை.
நான் முறிபடத் தயாராக வந்திருந்தேன்.

உர்சினா கதூஃப் என்று கதவில் பெயர்.
கம்பளிக் காலுறையில், பெருவிரலருகே, ஒரு பொத்தல்.
சுவரிலிருந்த சான்றிதழ்களைவிட
அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

முதலில் கேள்விகள்.
பிறந்தது சுகப்பிரசவமா, எலும்பு முறிந்ததுண்டா,
கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்றா, தலையில் அடி?
இல்லை, இல்லை, ஆயிற்று, இல்லை.
விபத்து ஏதாவது?
ஒன்றும் நடக்கவில்லை, என்றேன்.

பேனா எழுதாமல் காத்திருந்தது.

நவம்பர். ஏஷன்பிளாட்ஸ் வளைவு. பனிமூட்டம்.
தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி
சைக்கிளோடு ஒரு பையன் சரிந்தான்,
என் கண்ணாடிக்குக் கீழே, எனக்குத் தெரியாத இடத்துக்கு.
மணி அலறியது, மணல் கொட்டியது,
காந்தப் பிரேக் இரும்பைக் கவ்வியது.
முப்பத்தெட்டு டன்னும் என் தாடையும்
ஒன்றாய் இறுகி நின்றோம்.
பையன் எழுந்தான்.
கையுறை ஒன்றைத் தேடினான், எடுத்தான்,
எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான்.
நான்கு நிமிடத் தாமதம் என்கிறது பதிவேடு.
டிராமுக்கு மறுபடி பச்சை விழுந்தது.
தாடைக்கு விழவில்லை.
இரவில் மாட்டிக்கொள்ளப் பல் மருத்துவர் தந்த தகட்டை
ஜனவரிக்குள் கடித்தே உடைத்துவிட்டேன்.

சரி, படுங்கள், என்றாள்.

கணுக்காலில் தொடங்கினாள்.
பிடிக்கவில்லை. கையை வைத்தாள், அவ்வளவுதான்.
ஒரு ஃப்ராங்க் நாணயத்தின் எடை,
அதற்கு மேல் போகமாட்டேன்.
வேண்டாமென்று தோன்றினால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.
நான் மனக்கணக்குப் போட்டேன்:
ஒரு ஃப்ராங்க் எடைக்கு, மணிக்கு, நூற்று முப்பது ஃப்ராங்க்.

நிலவறையில் மேளம் ஆரம்பித்தது.
திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்.
பிப்ரவரியில் மேளம் ஒலிக்காத நிலவறை
பாசல் நகரத்தில் ஏது?
மன்னியுங்கள், அவர்களும் பழக வேண்டுமே, என்றாள்.
ஒவ்வொரு முறையும்
அதே இடத்தில் பிசகினார்கள்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு கை.
பிறகு தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப்போட்டு
என் மண்டையை இரு உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.
இவ்வளவு கனமா?
ஐம்பத்துமூன்று வருடம், விடுப்பில்லாமல்,
சுமந்திருக்கிறது கழுத்து.

விரல்களால் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.
உள்ளே ஓர் அலை உண்டாம், மூச்சைவிட நிதானமாய்.
மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் மைத்துனர்
சுத்தக் கப்சா என்பார். இருக்கலாம்.
எனக்கு அலை எதுவும் தட்டுப்படவில்லை.
வயிறு உறுமியதுதான் தெரிந்தது.
வெட்கமாய் இருந்தது.
நல்லது, என்றாள்.
விசை பிடிக்கும் இடதுகையின் கட்டைவிரல்
தன்பாட்டில் துடித்தது, இரண்டு தரம்.

கீழே ஒரு டிராம் கடந்தது.
பதினோராம் எண். பார்க்கவே வேண்டாம்,
பின்சக்கரத்தில் தட்டை விழுந்த வண்டி அது,
டக், டக் என்று நொண்டும்.
யார் ஓட்டுகிறார்கள் இந்நேரத்தில், பெஷ்ட்டோல்டா, இல்லை

வாயோரம் ஈரம்.
வாய் திறந்திருந்தது.

தண்ணீர் கொடுத்தாள்.
இன்றிரவு அசதியாய் இருக்கலாம், அழுகை வரலாம்,
எதுவும் வராமலும் போகலாம்.
அடுத்த வாரம்?
பார்க்கிறேன், என்றேன். பெல்ட்டை மறந்து
படியிறங்கி, மறுபடி ஏறி, வாங்கிக்கொண்டேன்.

நிறுத்தத்தில் நல்ல குளிர்.
பணப்பையில் துழாவி ஒரு ஃப்ராங்க் எடுத்து
புறங்கையில் வைத்துப் பார்த்தேன்.
எடை இருக்கத்தான் செய்கிறது.
பக்கத்தில் நின்றவர், டிக்கெட்டுக்குச் சில்லறை குறைகிறதோ என்று
தன் பையைத் திறந்தார்.
இல்லை, இல்லை, என்று சொல்ல வாயெடுத்தேன்,
கொட்டாவி வந்துவிட்டது.